சேர்மனின் வாழ்த்துப் பலகையும் நான் அழித்த ஒரு வரியும்

கம்ப்யூட்டர் படிக்கிற நீங்கள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் சுற்றி வளைத்துக் கேட்பது ஒன்றுதான். "சார், நீங்க செஞ்ச சைட் எதுவாவது ஹேக் ஆயிருக்குதா?" ஆகியிருக்கிறது. வெளியே தெரிந்தது ஒரு முறை. அதைச் செய்தவன் ஏதோ கண்காணாத தேசத்தில் இருந்தான். அவனுக்குக் கதவைத் திறந்து வைத்தவன் திண்டிவனத்தில் இருந்தான். அந்தத் திண்டிவனத்துக்காரன்தான் பேசுகிறேன்.

1993-ல் தட்டச்சு வகுப்பாகத் தொடங்கி, கம்ப்யூட்டர் சென்டராக மாறி, பிறகு இணையதளம் செய்துகொடுக்கும் கடையாக நின்ற கடை என்னுடையது. எங்கள் பக்கத்தில் யாருக்கும் இணையதளம் தேவைப்பட்டதில்லை. பக்கத்துக் கல்லூரிக்காரன் வைத்திருக்கிறான், ஆகவே தனக்கும் வேண்டும், அவ்வளவுதான். அந்த நல்ல எண்ணத்தில் நான் பல வருடம் சோறு தின்றேன்.

இது 2010-ஐ ஒட்டிய கதை. விழுப்புரம் போகும் சாலையில் கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்விக் குழுமம். பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், பி.எட்., நர்சிங், ஒரு மெட்ரிக் பள்ளி என்று ஐந்து நிறுவனங்கள், ஐந்துக்கும் ஒரே சேர்மன். ஐந்து இணையதளங்களும் என் கைவேலை. எதைத் திறந்தாலும் முதலில் சேர்மன் கைகூப்பி நிற்பார். என்ன பாடம் இருக்கிறது என்று பார்க்க நினைப்பவர் அவரைத் தாண்டி, அவருடைய பெற்றோரையும் தாண்டிக் கீழே போக வேண்டும்.

அவருக்கு மணிவிழா வந்தது. ஒரு மாதம் முன்னதாகவே பொறியியல் கல்லூரித் தளத்தில் 'வாழ்த்துப் பலகை' ஒன்று வைக்கச் சொன்னார்கள். யார் வேண்டுமானாலும் பெயரும் வாழ்த்தும் எழுதலாம், எழுதியது உடனே பக்கத்தில் தெரிய வேண்டும். இதற்கு ஒரு ப்ளகின் இருந்தது. உங்கள் பாடப்புத்தகத்தில் அதைச் செருகுநிரல் என்று போட்டிருப்பார்கள். எங்கோ ஒரு புண்ணியவான் ராப்பகலாக எழுதி இலவசமாகக் கொடுப்பான். நாம் அதைத் தளத்தில் மாட்டிவிட்டு, நாமே செய்ததாக வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொள்வோம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

பலகை திறந்த இரண்டாம் நாள் துணை முதல்வர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். முதல்வர் பதவி அப்போது காலி, அதனால் கல்லூரியில் எல்லாம் அவர்தான். போய் நின்றேன். திரையைத் திருப்பிக் காட்டினார்.

"இன்னா சார் இது? என் பேரும் பஸ் டிரைவர் பேரும் ஒரே சைஸ்ல இருக்குது?"

"வாழ்த்துதானே சார். எல்லாருக்கும் ஒரே மாதிரி வரும்."

"ஃப்ளெக்ஸ்ல இப்டி போடுவாங்களா? போட்டா, கட்டுனவனே கிழிச்சிப்புட்டுப் போய்டுவான்."

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் ஊர்களில் காதுகுத்து முதல் கண்ணீர் அஞ்சலி வரை ஃப்ளெக்ஸ் உண்டு. அதில் யார் பெயர் எவ்வளவு பெரிது என்பதற்குச் சட்டம் எழுதப்படவில்லை என்றாலும் எல்லாருக்கும் மனப்பாடம். பெரிய எழுத்தில் பெரியவர்கள், அதற்கடுத்த எழுத்தில் அடுத்தவர்கள், கடைசியில் கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய அளவில் 'மற்றும் பணியாளர்கள்'. வெளிநாட்டில் உட்கார்ந்து ப்ளகின் எழுதியவனுக்கு இந்தச் சூட்சுமம் தெரியவில்லை. எல்லாரையும் சமமாக நடத்திவிட்டான்.

"மெயில்ல ஒரு வரி எழுதி அனுப்பிடுங்க சார், பண்ணித் தர்றேன்" என்றேன். எதையும் எழுத்தில் வாங்கும் ஒரே ஒரு நல்ல பழக்கம் என்னிடம் இருந்தது. அனுப்பினார். பதவிக்குத் தக்கபடி எழுத்தளவு உடனே மாற்றப்பட வேண்டும் என்று.

ஒழுங்காகச் செய்திருந்தால் இரண்டு நாள் வேலை. அவர் ஜல்தி, ஜல்தி என்று மணிக்கு ஒரு போன் போட்டார். ப்ளகினைத் திறந்து பார்த்தேன். வருகிறவர் எழுதுவதில் வெறும் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு, எழுத்தளவு, நிறம், கட்டளை போன்ற குறிகளை எல்லாம் வடிகட்டி எறியும் ஒரு வரி அதில் இருந்தது. அதை அழித்தேன். பத்து விநாடி ஆகியிருக்கும். இனி யார் வேண்டுமானாலும் தன் பெயருக்கு முன்னால் ஒரு குறியைப் போட்டு அதைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். ஐந்து தளங்களிலிருந்தும் வாழ்த்து வரும் என்பதால் ஐந்திலும் அதே திருத்திய ப்ளகினை மாட்டினேன். வேலையில் கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் பலகை தேர் மாதிரி இருந்தது. துணை முதல்வர் அரைப் பக்கம். அவரை மிஞ்சி நர்சிங் கல்லூரித் தலைவி முக்கால் பக்கம். அன்று மாலைக்குள் பஸ் டிரைவரும் சூட்சுமத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார். அவர் பெயர் சிவப்பில், இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருந்தது. அதை அழிக்க மட்டும் எனக்கு மூன்று போன் வந்தது.

இப்போது உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். கல்யாண மண்டபத்தில் மைக்கைச் சும்மா வைத்துவிட்டுப் போனால் என்ன ஆகும்? எவனோ ஒருவன் எடுத்து, "எல்லாரும் செருப்பை மாடியில விடுங்க" என்று சொன்னால் ஊரே மாடி ஏறும். சொன்னவன் யார் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். மைக்கில் வந்தால் அது கல்யாண வீட்டார் சொன்னதுதான். வாழ்த்து எழுதும் பெட்டியில் வாழ்த்துக்குப் பதில் ஒரு கட்டளையை எழுதிவிட்டால், அடுத்து அந்தப் பக்கத்தைத் திறப்பவரின் கணினி அதைக் கல்லூரியே சொன்னதாக நம்பிச் செய்துவிடும். இதற்கு நீங்கள் பெரிய ஆங்கிலப் பெயர் வைத்திருக்கிறீர்கள். நான் வைத்த பெயர் 'துணை முதல்வரின் எழுத்தளவு'.

ஒரு வாரம் கழித்து எனக்கு ஒரு மெயில் வந்தது. அனுப்பியவள் சகாயமேரி, அந்தக் கல்லூரியின் கணினி ஆய்வக உதவியாளர். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துக் கிராமம். அம்மா கரும்பு வெட்டப் போய்ப் படிக்க வைத்த பெண். வாழ்த்துப் பலகையில் கட்டளை எழுதினால் அது ஓடுகிறது, கெடுதல் செய்யாத ஒரு சின்னக் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன், தயவு செய்து மூடுங்கள் என்று தெளிவாக எழுதியிருந்தாள். துணை முதல்வருக்கும் கைப்பட ஒரு கடிதம் கொடுத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள்.

நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? 'கவனித்துக்கொள்கிறேன், நன்றி.' கவனிக்கவில்லை. நம் தொழிலில் இந்தப் பதிலுக்கு 'இனி இதைப் பற்றி எழுதாதே' என்று பொருள். துணை முதல்வர் என்னைவிட நேர்மையானவர். அவர் கடிதத்தைப் படிக்கவே இல்லை.

மணிவிழா அன்று கல்லூரி அரங்கில் பெரிய திரை கட்டி, வாழ்த்துப் பலகையைக் காட்ட ஏற்பாடு. முன்வரிசையில் சேர்மன் மாலையும் கழுத்துமாக மனைவியோடு, அடுத்து சம்பந்தி வீட்டார், அடுத்து நர்சிங் மாணவிகள். துணை முதல்வர், "உலகெங்கும் இருந்து நம் ஐயாவுக்கு வந்து குவியும் வாழ்த்துகள்!" என்று மைக்கில் முழங்கிப் பொத்தானை அழுத்தினார். பலகை ஒரு விநாடி தெரிந்தது. அடுத்த விநாடி பக்கம் தானாக எங்கோ தாவியது. ஆண்களின் குறைகளைத் தீர்க்கும் மாத்திரைக் கடை ஒன்று திரை முழுக்க விரிந்தது. கட்டில், ரோஜாப்பூ, அரைகுறை உடையில் ஒரு தம்பதி, 'அறுபதிலும் இருபது' என்று பொருள்படும் ஒரு வாசகம். வயதைக்கூடச் சரியாகச் சொல்லிவிட்டான் பாவி. துணை முதல்வர் பதற்றத்தில் மறுபடி மறுபடி அழுத்த, கடை மறுபடி மறுபடி திறந்தது. கடைசியில் யாரோ மின்சாரத்தையே நிறுத்தினார்கள்.

நான் அன்று மாலையே உட்கார்ந்து, தளத்துக்கு யார் வந்து என்ன செய்தார்கள் என்று சர்வர் தானாகக் குறித்து வைக்கும் பதிவேட்டைப் பார்த்தேன். ஒரு தானியங்கி நிரல், எந்தத் தளத்தில் ஓட்டை இருக்கிறது என்று தேடிக்கொண்டே போனபோது நம் பலகையில் ஒரு கட்டளையை எழுதிவிட்டுப் போயிருக்கிறது. அதே நாளில் அது எத்தனையோ தளங்களில் இதைச் செய்திருக்கும். நம் சேர்மன் யாரென்றே அதற்குத் தெரியாது.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய மனிதருக்கு அவமானம் நேர்ந்தால், அதைத் திட்டமிட்டுச் செய்த எதிரி ஒருவன் இருந்தே ஆக வேண்டும். எதிரி இல்லை, ஒரு இயந்திரம் போகிற போக்கில் செய்துவிட்டது என்றால், அது முதல் அவமானத்தைவிடப் பெரிய அவமானம். "என்னை யாருன்னே தெரியாம எவனாவது பண்ணுவானா?" என்று சேர்மன் கேட்டாராம்.

எதிரியைத் தேட விசாரணைக் குழு போட்டார்கள். தலைவர் துணை முதல்வர். ஒழுங்கு அவருடைய துறை என்பதால் உடற்கல்வி இயக்குநர் உறுப்பினர். தொழில்நுட்ப நிபுணராக அடியேன். ஓட்டை போட்டவனையே குழுவில் வைத்து, ஓட்டை போட்டது யார் என்று விசாரித்த பெருமை அந்தக் கல்லூரியைச் சேரும்.

கோப்பைத் தேடும்போது, படிக்காமல் வைத்த கடிதம் துணை முதல்வர் கையில் அகப்பட்டது. 'ஒரு சின்னக் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன்' என்ற வரியின் கீழ் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டார். வியாழக்கிழமை சகாயமேரியைக் கூப்பிட்டார்கள்.

"இந்த ஓட்டை உனக்கு எப்டிம்மா தெரிஞ்சிது?"

"பலகையைப் பாத்துக்கினு இருந்தேன் சார். குறி போட்டா வேலை செய்யுது. அப்ப கட்டளையும் ஓடுமேன்னு பாத்தேன்."

"பூட்டு தொறந்து கெடக்குதுன்னு திருடனுக்குத்தான தெரியும்?"

"வாட்ச்மேனுக்கும் தெரியும் சார்."

உடற்கல்வி இயக்குநர் மேசையைத் தட்டினார். "இன்னா, எதிர்த்துப் பேசிக்கினு இருக்க?"

துணை முதல்வர் மேசை மேல் ஒரு பழுப்பு உறையை எடுத்து வைத்தார். எங்கள் பக்கத்துத் தனியார் கல்லூரிகளில் ஒரு வழக்கம் உண்டு. வேலையில் சேரும் அன்றே அசல் சான்றிதழ்களை எல்லாம் வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள். பத்திரமாக இருக்கும் என்பார்கள். யாருக்குப் பத்திரம் என்று கேட்கக் கூடாது. அந்த உறையில் சகாயமேரியின் பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை எல்லாம் இருப்பதாகக் கணக்கு.

"திங்கக்கிழம சென்னையில சர்ட்டிபிகேட் வெரிஃபிகேஷன் சார்" என்றாள் அவள். "கவர்மென்ட் வேலைக்கு. பரீட்சை பாஸ் பண்ணிட்டேன். ஒரிஜினல் இல்லன்னா அனுப்பிடுவாங்க."

"விசாரணை முடியட்டும். முடிஞ்சா குடுக்கறோம். இல்லன்னா போலீஸ்ல குடுக்கறோம்" என்றார் துணை முதல்வர். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க எக்ஸ்பர்ட். சொல்லுங்க சார், ஓட்டை இருக்கறது தெரிஞ்சவங்கதான இதப் பண்ணியிருக்க முடியும்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். ஐந்து தளம், வருடா வருடம் வரும் வேலை, கடையில் நான்கு பேர் சம்பளம், எல்லாம் அந்த மேசையில் தெரிந்தது.

"டெக்னிக்கலா பாத்தா, பாசிபிலிட்டி இருக்குது சார்" என்றேன்.

தம்பிகளே, தங்கைகளே, ஒன்றை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் தொழிலில் ஒருவன் 'டெக்னிக்கலா' என்று வாயைத் திறந்தால், அவன் எதையோ மறைக்கப் போகிறான்.

விசாரணையைச் சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு கூட்டேரிப்பட்டு வந்தேன். பஸ் நிறுத்தத்தில், வேகவைத்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விற்கிற தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் சகாயமேரி நின்றிருந்தாள். பார்க்காத மாதிரி போயிருக்கலாம். அதற்கும் எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஏம்மா, எனக்கும் மெயில் போட்டேன்னு நீ உள்ள சொல்லவே இல்லியே?" என்று கேட்டேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு கம்முனு இருந்தேன் சார்."

அதில் கோபமே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். அத்தனை வருடத் தொழிலில் அப்படி வெட்கப்பட்டது அந்த ஒரு நாள்தான். வெள்ளிக்கிழமை முழுக்கக் கடையை விட்டு நகராமல், ஐந்து தளத்திலும் அந்த வரியை மறுபடி போட்டு, ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்தேன். வரியைப் போட, அழித்ததைவிட அதிக நேரம் ஆகவில்லை, சோதிக்கத்தான் ஒரு நாள்.

சனிக்கிழமை ஒரு கோப்போடு போனேன். "சார், அந்த ஓட்டையைப் போட்டது நான். இந்தப் பொண்ணு மூணு வாரம் முன்னாடியே எனக்குச் சொல்லிச்சு. நான் கவனிக்கறேன்னு எழுதிட்டு விட்டுட்டேன்" என்று சொல்லி, அவளுடைய மெயிலையும் என் பதிலையும் மேசையில் வைத்தேன்.

துணை முதல்வர் சிரித்தார். "சார், உங்களுக்குப் பெரிய மனசு. பாவப்பட்டுக்கினு பழியத் தூக்கி மேல போட்டுக்காதீங்க."

"மனசெல்லாம் இல்லீங்க சார். உண்மையச் சொல்றேன்."

"அட, வேணாம் சார்" என்றார் உடற்கல்வி இயக்குநரும். பாருங்கள், குற்றவாளியே வந்து ஒப்புக்கொண்டாலும் ஏற்க மாட்டேன் என்கிறார்கள். எதிரி என்றால் சேர்மன் நசுக்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும், பின்னால் கேட்க ஆள் இருக்கக் கூடாது. நான் அந்த அளவுக்குப் பொருந்தவில்லை. கரும்பு வெட்டுகிறவளின் மகள் பொருந்தினாள்.

கோப்பில் கடைசியாக ஒரு தாள் இருந்தது. அதையும் எடுத்து வைத்தேன். எழுத்தளவை உடனே மாற்றச் சொல்லித் துணை முதல்வரே அனுப்பிய மெயில். "இதுக்காகத்தான் சார் அந்த வரிய எடுத்தேன். ரிப்போர்ட்ல இதையும் சேத்துடலாம். சேர்மன் பாக்கட்டும்."

அவர் தான் எழுதியதைத் தானே இரண்டு முறை படித்தார். சகாயமேரி கையைக் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாக நின்றிருந்தாள்.

"இத எதுக்கு சார் சேர்மன் வரைக்கும் எடுத்துக்கினு போய் பேஜாரு பண்ணணும்?" என்றார் கடைசியில்.

அதற்குப் பிறகு நீதி வெகு வேகமாக நடந்தது. அரை மணி நேரத்தில் அறிக்கை தயார். குழுமத்தின் வளர்ச்சியைப் பொறுக்காத அயல்நாட்டுச் சக்திகளின் திட்டமிட்ட சதி இது, குழு இதை வன்மையாகக் கண்டிக்கிறது என்று எழுதினார்கள். சேர்மனுக்கு மிகுந்த திருப்தி என்று பிறகு கேள்விப்பட்டேன். உள்ளூர்ப் பகைதான் என்று நினைத்திருந்தவருக்கு, கடல் கடந்தும் பகை இருப்பது தெரிந்தால் திருப்தியாகத்தானே இருக்கும். நான் குழுவின் மாண்பைக் குலைத்ததாக எழுதி ஐந்து தளங்களின் வேலையையும் என்னிடமிருந்து பிடுங்கினார்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கடையில் இருந்த நான்கு பேரில் இரண்டு பேரை நிறுத்த வேண்டி வந்தது.

சகாயமேரி ராஜினாமா எழுதிக் கொடுத்தால் சான்றிதழ்களைத் தருவதாகச் சொன்னார்கள். அங்கேயே நின்று எழுதினாள். பிறகு அலுவலகச் சாளரத்துக்குப் போனோம். எழுத்தர் பழுப்பு உறையை வெளியே நீட்டினார். "கையெழுத்துப் போடும்மா. சனிக்கெழம, அரை நாள். மூடணும்."

அவள் கையெழுத்துப் போடவில்லை. உறையைத் திறந்து ஒவ்வொரு தாளாக எடுத்து, முன்னும் பின்னும் பார்க்க ஆரம்பித்தாள். வெளியே பஸ் ஹாரன் கேட்டது. எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடினால் போதும் என்றிருந்தது.

"எல்லாம் இருக்கும்மா. வா, போலாம்" என்றேன்.

"ஒரு நிமிஷம் சார்" என்றவள், ஒரு தாளில் நின்றுவிட்டாள். அதைச் சாளரத்தின் வழியாக எழுத்தரிடம் திருப்பிக் காட்டினாள். "ப்ளஸ் டூ மார்க் ஷீட் என்னுது இல்லீங்க. இது யாரோ வேற ஒருத்தரோடது."

எழுத்தர் வாங்கிப் பார்த்து, நாக்கைக் கடித்து, உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தமும் உறைகள் விழும் சத்தமும் கேட்டன. அந்தத் தாளோடு திங்கட்கிழமை சென்னையில் போய் நின்றிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். வெகு நேரம் கழித்து அவளுடையதைக் கொண்டுவந்து கொடுத்தார். அதையும் முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

"நல்லவேளை, பாத்த" என்றேன்.

"வர்றத அப்டியே வாங்கி உள்ள வெச்சிக்கினா, அப்பால யாரைப் போய்க் கேக்கறது சார்?" என்றாள்.

எழுத்தரைச் சொன்னாளா, வடிகட்டுகிற வரியை அழித்த என்னைச் சொன்னாளா, தெரியவில்லை. 'என்னைத்தாம்மா கேக்கணும்' என்று என்னிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது, அதைச் சொல்ல வேண்டிய இடமும் அதுதான். நான், "பஸ்ஸுக்கு நேரமாவுது, கெளம்பும்மா" என்றேன்.